கேற்றில் கட்டியிருந்த பச்சை ஸ்காஃப்

1. வியாழன் மாலை ஆறு மணிக்கு, நான் இணையத்தில் நடத்திவந்த, ஒரு ரக்பி அணியின் ரசிகர் ஃபோரத்தின் இரண்டு பகுதிகளை ஒன்றாக்கினேன்.
2. ஆறே காலுக்கு முதல் திட்டு வந்தது.
3. வெள்ளி காலை, நான் அணியின் உரிமையாளருக்கு விலைபோய்விட்டதாக ஒருவர் எழுதினார். அதை ஆமோதித்து ஒரு பக்கம் நிறையப் பதில்கள்.
4. வெள்ளி மதியம் யாரோ என் முழுப் பெயரையும் லண்டன் கோலியர்ஸ் வுட் வீட்டு முகவரியையும் அங்கே போட்டார்.
5. நான் அழித்தேன். அதற்குள் எத்தனை பேர் பார்த்துவிட்டார்கள் என்று கணக்கு காட்டியது. அந்த எண்ணை வீட்டில் சொல்லவில்லை.
6. வெள்ளி மாலை இன்னொருவர் எழுதினார்: "நாளைக்கு லண்டனில் மட்ச். பஸ் பிடித்து வருகிறோம். அந்த வீட்டையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போவோம்."

2009ஆம் ஆண்டின் இலையுதிர்காலம் அது. நான் தென் வேல்ஸில் கணினி படித்த மூன்று வருடங்களில், கூட இருந்த பெண் ஒருத்தி என்னை ரக்பி மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போவாள். விதிகள் பிடிபட ஒரு வருடம் எடுத்தது. கடைசி வருடப் புரொஜெக்டாக அந்த அணியின் ரசிகர்களுக்கு ஓர் இணையத்தளம் செய்தேன். படிப்பு முடிந்து லண்டனுக்கு வந்து வேலையில் சேர்ந்த பின்னும் அதைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாததால் என்னிடமே இருந்துவிட்டது.

அந்த அணி ஒரு கல்யாணம்போல. வேறு வேறு ஊர்களின் பழைய கிளப்புகளைச் சேர்த்து வட்டார அணிகள் ஆக்கியபோது, துறைமுக நகரத்துக் கிளப் ஒன்றையும் பள்ளத்தாக்குக் கிளப் ஒன்றையும் பிணைத்து இதை உண்டாக்கினார்கள். முதலில் பெயரில் இரண்டு ஊரும் இருந்தன, பங்கும் பாதி பாதி. பிறகு பள்ளத்தாக்கின் பங்கை நகரத்துக்காரர் ஒருவர் வாங்கினார். அடுத்த சீசனில் பெயரிலிருந்து பள்ளத்தாக்கு போய்விட்டது. சட்டையில் பச்சை நிறமும் போனது. அதிலிருந்து ஃபோரத்தில் ஒரே சண்டை. "உங்கள் கிளப் செத்து ஆறு வருடம், அழுகையை நிறுத்துங்கள்" என்பார்கள் நகரத்தார். "நாங்கள் அழவில்லை, நீங்கள் எங்கள் பச்சையைச் சட்டையிலிருந்து எடுத்துவிட்டுச் சிரிக்கிறீர்கள்" என்பார்கள் மற்றவர்கள்.

எனக்கு அது ஒரு தொழில்நுட்பப் பிரச்சினையாகத் தெரிந்தது. நகரத்துக்கு ஒரு பகுதி, பள்ளத்தாக்குக்கு ஒரு பகுதி. ஒரே செய்தி இரண்டிலும் ஓடியது. ஒன்றாக்கினால் சேர்வர் சுமை குறையும். இரண்டிலும் ஒரே தலைப்பில் இருந்த உரையாடல்களையும் இணைக்கும்படி குறியிட்டேன். பொத்தானை அழுத்தினேன். அந்த மென்பொருளில் அதைத் திருப்ப வழி கிடையாது.

'நம்ம ஆட்கள்' என்ற தலைப்பு இரண்டு பக்கமும் இருந்தது. நகரத்தார் அதில் மட்ச் முடிந்து குடித்த படங்களைப் போடுவார்கள். பள்ளத்தாக்கில் அது வேறு. அவர்களுடைய ரசிகர் ஒருவர் இறந்தால், பெயரையும் அவர் பழைய மைதானத்தில் நிற்கும் இடத்தையும் ஒரே வரியில் எழுதுவார்கள்: 'கொடிக்கம்பத்துக்கு இடப்பக்கம், இரண்டாம் படி.' கீழே யாரும் கருத்து எழுதுவதில்லை. அதுதான் அங்கே வழக்கம். நான் இணைத்த பிறகு எல்லாம் தேதிப்படி அடுக்கப்பட்டன. இரண்டு மரணங்களுக்கு நடுவில், தொப்பி போட்ட ஒருவர் பியர் கோப்பையோடு நாக்கை நீட்டிக்கொண்டிருந்தார்.

அணியின் உரிமையாளர் செய்ததையே ஃபோரத்திலும் செய்ய என்னை யாரோ ஏவினார்கள் என்று அவர்கள் நினைத்ததில் வியப்பில்லை.

முகவரி எப்படிக் கிடைத்தது? தளத்தின் பெயரைப் பதியும் படிவத்தில் நானே எழுதியது. அதை யார் தேடினாலும் பார்க்கலாம். கூடப் படித்தவர்கள் அந்தப் படிவத்தில் வாயில் வந்ததை எழுதுவார்கள். எங்கள் வீட்டில் அப்படி முடியாது. அகதி விண்ணப்பத்தில் ஒரு வீட்டிலக்கம் மாறியதற்காக அப்பா ஒன்றரை வருடம் கூடுதலாகக் காத்திருந்தவர். எந்தப் படிவமானாலும் உண்மை, முழுதாக, பெரிய எழுத்தில்.

சனி காலை அப்பாவிடம் சொன்னேன்.

"உண்மை விலாசமே குடுத்தனி?"

"ஓம் அப்பா. நீங்கள்தானே அப்பிடிச் சொல்லித்தந்தனீங்கள்."

அவர் எழுந்து போய்க் கதவுச் சங்கிலியைக் கொளுவினார். அந்த வருடம் தொலைபேசி அடித்தாலே எங்கள் வீட்டில் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்த வருடம். மே மாதம் ஊரில் யுத்தம் முடிந்த விதத்தைப் பார்த்த பிறகு அப்பா இரவுச் செய்தி பார்ப்பதையே விட்டிருந்தார். பட்டப்பகலில் அவர் சங்கிலி கொளுவியதைப் பார்த்தபோதுதான் நான் என்ன செய்தேன் என்பது எனக்கு உறைத்தது.

லண்டனின் மறுபக்கம், ரெய்னர்ஸ் லேனில் இருந்த அண்ணையைக் கூப்பிட்டோம்.

"நாங்கள் எல்லாரும் பார்லிமென்டுக்கு முன்னால நிண்ட வருசம்," என்றார் வந்ததும், "என்ர தங்கச்சி வேல்ஸ்காரரோட சண்டை பிடிச்சிருக்கிறாள்."

"பொலிசுக்கு எடுப்பமோ?" என்றார் அம்மா.

"எடுத்து என்னத்தைச் சொல்லுறது? ரக்பிக்காரர் பஸ்ஸில வருகினமெண்டோ?" என்றார் அண்ணை.

"அப்ப வாசல்ல கிடக்கிற சப்பாத்தெல்லாம் உள்ளுக்கு எடு. எத்தினை பேர் இருக்கிறமெண்டு தெரியக்கூடாது."

"இல்லையம்மா, என்ரயை வெளியில விடுங்கோ. ஆம்பிளையள் நிக்கினமெண்டு தெரியட்டும்."

"உன்ர எட்டாம் நம்பர் சப்பாத்தைப் பார்த்து அவங்கள் பயப்பிடப் போறாங்களோ?" என்றார் அப்பா. ஒருவரும் சிரிக்கவில்லை.

நான் வெள்ளி பின்னேரம் லீவு போட்டுத் தொடங்கிய, பகுதிகளைத் திரும்பப் பிரிக்கும் வேலையைத் தொடர்ந்தேன். ஞாயிறன்று எடுத்துவைத்த தளத்தின் பழைய பிரதியை அப்படியே ஏற்றினால், இடையில் வந்தவை அழியும். புதன்கிழமை ஒரு மரணம் எழுதப்பட்டிருந்தது. அதனால் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பதிவாகக் கையால் பிரித்தேன். பெயர்கள், படிகள், தூண்கள். யார் எங்கே நின்றார்கள் என்று எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. பதினொரு மணிக்கு இரண்டு பகுதிகளும் மீண்டும் இரண்டாயின. 'பிழை என்னுடையது. யாரும் என்னை ஏவவில்லை' என்று மேலே எழுதினேன். பஸ் ஏழு மணிக்கே புறப்பட்டிருக்கும். பஸ்ஸுக்குள் இருப்பவர்கள் இதைப் பார்க்க வழியில்லை.

ஒரு மணி தாண்டி மினிபஸ் ஒன்று எதிரே நின்றது. நான் மாடி யன்னலில், திரைக்குப் பின்னால். கண்ணாடிகளில் பச்சைத் துணிகள் தொங்கின. கட்டுமஸ்தான ஒருவர் இறங்கி எங்கள் கேற்றுக்கு வந்து, குனிந்து, ஏதோ செய்தார். கீழே அண்ணை, அடிப்பதற்கு இரும்பு வாணலியைக் கேட்டு, "தாச்சியைத் தாங்கோ, தாச்சியை" என்று கிசுகிசுப்பது கேட்டது. அந்த ஆள் நிமிர்ந்து நேரே யன்னலைப் பார்த்தார். திரைக்குப் பின்னால் என்னைப் பார்த்தாரா என்று தெரியாது. முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. பஸ் இரண்டு தரம் ஹோர்ன் அடித்துவிட்டுப் போனது.

கேற்றில் பழைய பள்ளத்தாக்குக் கிளப்பின் ஸ்காஃப், இறுக்கி, இரட்டை முடிச்சில்.

"இது மன்னிச்சிட்டம் எண்டுறது," என்றார் அம்மா.

"விசரோ? வீடு தெரியுமெண்டு அடையாளம் வைச்சிருக்கிறான்," என்றார் அண்ணை.

அப்பா முடிச்சைக் கழற்ற ஏலாமல் கத்தரிக்கோலை எடுத்துவந்தார். நான்தான் தடுத்தேன். வெட்டியது தெரிந்தால் என்ன நினைப்பார்களோ என்று பயம். கால்மணி நேரம் நகத்தால் அவிழ்த்தேன்.

அடுத்த நாள் ஃபோரத்தில் மட்சில் தோற்றதைப் பற்றித்தான் பேச்சு. ஸ்காஃபைப் பற்றி யாரும் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால், அதே வீட்டில்தான் இன்னும் இருக்கிறோம் என்று தெரிந்துவிடும்.

இப்போதைய நிலை இது. இரண்டு பகுதிகளும் தனித்தனியாக இருக்கின்றன. தளத்தை இன்னும் நான்தான் நடத்துகிறேன். பதிவில் அஞ்சல்பெட்டி முகவரியை மாற்றிக் கொடுத்தேன். பழையது வேறு தளங்களில் சேமிக்கப்பட்டிருப்பதால் அழிக்க முடியவில்லை. ஸ்காஃப் பொலித்தீன் பையில், அப்பாவின் குடியுரிமைக் கடிதங்களோடு ஒரே கோப்பில் இருக்கிறது. அதை அங்கே வைத்தவர் அப்பா. அந்த அணி லண்டனில் விளையாடும் சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் எல்லாரும் வெளியே போய்விடுகிறோம்.