ஹைட்ரஜனும் ஒரு குத்துவிளக்கும்

போன செவ்வாய்க்கிழமை, பிரதம அதிதியின் கையில் எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்தியை என் அண்ணன் மகள் சுகந்தி ஊதி அணைத்துவிட்டாள். சபை நடுவே... அதுவும் மங்கள விளக்கேற்றும் நேரத்தில்!

அபசகுனம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா என்ன? எல்லார் முகத்திலும் எழுதி ஒட்டியிருந்தது.

சுகந்தி இங்கே கண்டிப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஃபியூவல் செல் ஆராய்ச்சி செய்கிறாள். எரிபொருள் கலம். ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் காற்று — இரண்டும் சேர்ந்தால் மின்சாரம். புகை கிடையாது, சத்தம் கிடையாது. கொஞ்சம் தண்ணீர் சொட்டும், அவ்வளவுதான். இதை அவள் எனக்கு விளக்கிய ஒவ்வொரு தடவையும் என் தேத்தண்ணி ஆறிப்போயிருக்கிறது.

அன்று அதைச் செய்துகாட்டும் விழா. அதிதி, டவுனில் பெரிய வர்த்தகர். அவர் தலையசைத்தால் ஆராய்ச்சி அடுத்த வருடமும் தொடரும். இல்லையென்றால் எல்லாவற்றையும் கழற்றி அலுமாரியில் வைத்துப் பூட்ட வேண்டியதுதான். பிள்ளை ஒரு வாரமாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

நம் நாட்டில் குத்துவிளக்கு இல்லாமல் எது தொடங்கும்? சலூன் திறந்தாலும் விளக்குத்தானே! விழாப் பொறுப்பாளர் செல்வநாயகம், யாழ்ப்பாணத்துக்காரர், ஆளுயர விளக்கொன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார். எங்கே? ஹைட்ரஜன் சிலிண்டருக்குப் பக்கத்தில்.

"இதில வைச்சால்தான் போட்டோவுக்கு வடிவு."

அதிதி எரியும் மெழுகுவர்த்தியோடு விளக்கை நெருங்க, உள்ளறையிலிருந்து வந்த சுகந்தி அதைக் கண்டாள். ஓடினாள். ஊதினாள்.

"ஏம்மா அணைச்சிட்ட?" அதிதி அதிர்ந்துபோனார்.

"பக்கத்துல ஹைட்ரஜன் இருக்கு, சேர். கொஞ்சம் கசிஞ்சாலும் நெருப்பு பட்டா வெடிச்சிரும்."

மெழுகுவர்த்தியைச் செல்வநாயகத்தின் கையில் திணித்துவிட்டு அதிதி வாசலுக்குப் போன வேகம் இருக்கிறதே... வேட்டி கட்டியிருந்தும்!

"விளக்கில்லாமல் விழாவோ?" செல்வநாயகம் விடவில்லை. விளக்கு முற்றத்துக்குப் போனது. ஹந்தானை மலைக்காற்று தெரியும்தானே? ஒரு திரியைக் கொளுத்தினால் மற்றது அணைந்தது. பேராசிரியர்கள் தங்கள் கோட்டுகளை விரித்து மறைத்துப் பார்த்தார்கள். ஒருவர் குடை பிடித்தார். தீப்பெட்டி காலி. நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அண்ணன் முறைத்தார்.

கடைசியில் அதிதி சலித்துப்போய் உள்ளே வந்தார். சுகந்தியின் மேசையில், எரிபொருள் கலத்தோடு இணைத்த ஒரு பல்ப் எரிந்துகொண்டிருந்தது.

"இது எப்ப பத்த வச்சது?"

"நீங்க வெளிய போனதுல இருந்து எரியுது சேர்."

"ஜன்னல் எல்லாம் தொறந்து கெடக்கு. இந்தக் காத்துக்கு அணையலையா?"

"காத்து இருந்தாத்தான் சேர் இது எரியும். அதுதான் இதுக்குச் சாப்பாடு."

அவர் பல்பைப் பார்த்தார். முற்றத்தைப் பார்த்தார். சிரித்துவிட்டார்.

"நீ தொடர்ந்து செய்மா. நான் இருக்கேன்."

சுகந்தி அழுதேவிட்டாள். நான் மட்டும் என்ன, கல்லா? எனக்கும் கண் கலங்கியது.

எல்லாரும் கைதட்டிக்கொண்டிருக்க, செல்வநாயகம் மட்டும் கவலையோடு என் பக்கம் குனிந்தார்.

"அப்ப அடுத்த வருஷமும் விழா இருக்கெண்டால்... விளக்கை எங்க வைக்கிறது?"