விளிம்பில் எழுதப்பட்ட மனைவி

குற்றச்சாட்டு வருமாறு: மார்ச் மாதம் நான்காம் தேதி பங்கு அலுவலகம் முத்திரையிட்டு வழங்கிய ஞானஸ்நானச் சான்றிதழ், தன் வாழ்நாளில் எந்தப் பெண்ணின் விரலிலும் மோதிரம் அணிவித்திராத ஒருவரை, முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பே திருமணமானவர் என்று அறிவிக்கிறது. திருமணம் நடந்தது துறைமுகக் கோவிலில் என்று அதில் கண்டிருக்கிறது. தேதி இருக்கிறது, மணமகளின் பெயர் இருக்கிறது, மணமகள்தான் இல்லை.

பாதிக்கப்பட்டவர் ஐம்பத்து மூன்று வயதான லிஃப்ட் மெக்கானிக். வீட்டிலும் வேலையிடத்திலும் அவருக்கு 'ரசீது' என்றே பெயர். எந்த லிஃப்டின் வடம் எப்போது மாற்றப்பட்டது, அதற்கு யார் கையெழுத்திட்டார்கள் என்பதெல்லாம் அவருடைய தகரப் பெட்டிகளில் ஆண்டுவாரியாக உறங்கின. பல்பு வாங்கினாலும் ரசீது கேட்பார். பல்பு எரிந்து போன பிறகும் அந்த ரசீதை எறியமாட்டார்.

இப்படிப்பட்டவருக்குக் கல்யாண யோசனை வந்ததற்கு ஒரு லிஃப்டே காரணம். ஒரு பழைய கட்டடத்தில் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே அது நின்றுவிட, உள்ளே ஒரு தையல்காரி, மடி நிறையச் சட்டைகளோடு மாட்டிக்கொண்டார். கணவரை இழந்து பல வருடங்களானவர்; நான்காம் மாடியில் கடை வைத்திருந்தார். ரசீது மேலே மோட்டாரோடு மல்லுக்கட்டிக் கதவைத் திறந்தபோது, அந்த அம்மாள் தரையில் சம்மணமிட்டு, கடைசிச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"பயந்துட்டீங்களா?" என்று கேட்டார் ரசீது.

"எதுக்கு? இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா காஜாவும் எடுத்திருப்பேன். அதுக்குள்ள திறந்துட்டீங்க."

அன்றிலிருந்து அந்த லிஃப்டுக்கு அடிக்கடி பரிசோதனை தேவைப்பட்டது. பரிசோதனைகள் ஒரு வருடத்தைத் தாண்டியதும், தையல்காரியே பேச்சைக் கத்தரித்து விஷயத்துக்கு வந்தார். இருவரும் பங்குச் சாமியாரைப் போய்ப் பார்த்தார்கள். கல்யாணத்துக்கு முன் இருவருமே புதிதாக எடுத்த ஞானஸ்நானச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும் என்றார் அவர்.

அது ஏன் என்பதை ரசீதுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒருவர் எந்த ஊர்க் கோவிலில் கல்யாணம் செய்தாலும், அந்தச் செய்தி அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோவிலுக்கு எழுதப்படும். அங்கே அவருடைய ஞானஸ்நானப் பதிவுக்குப் பக்கத்து விளிம்பில் அது குறித்துவைக்கப்படும். மனிதன் எங்கே அலைந்தாலும் அவனுடைய விளிம்பு ஒரே இடத்தில் காத்திருக்கும். பல வருடங்களாகச் சனிக்கிழமை மதியங்களில் அந்த அலுவலகத்து மர மேசையில் உட்கார்ந்து, பழைய ஏடுகளில் தன் வம்சத்தைத் தேடி வந்தவர் ரசீது. அதற்காகவே பழைய புத்தகக் கடையில் ஓர் அகராதி வாங்கி, யாரிடமும் பாடம் கேட்காமல் லத்தீன் கற்றுக்கொண்டார். அப்பா, அப்பாவின் அப்பா, அவருடைய அப்பா என்று ஒன்பது தலைமுறை ஏறியிருந்தார். தன்னுடைய பக்கத்தை மட்டும் அவர் புரட்டிப் பார்த்ததே இல்லை. அதில் என்ன இருக்கப் போகிறது என்ற நினைப்பு.

சான்றிதழை எழுதிக்கொடுத்த அலுவலகக் கணக்கர் தலையைச் சொறிந்தார்.

"அண்ணே, உங்களுக்குத்தான் ஏற்கெனவே கல்யாணம் ஆயிருச்சே."

"யார் சொன்னா?"

"ஏடு சொல்லுது. பாருங்க, மைகூட மங்கல."

"எனக்கு ஆகலப்பா."

"வெளியில எல்லா ஆம்பளையும் அப்படித்தாண்ணே சொல்றாங்க. அதுக்காகத்தான் இந்த விளிம்பே."

சத்தம் கேட்டு வந்த சாமியார் ஏட்டைப் பார்த்தார், ரசீதைப் பார்த்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டார். "உங்களை நான் நம்பறேன். ஆனா இதுல ஒரு புள்ளியைக்கூட நானா அடிக்க முடியாது. ஆயர் இல்லத்து உத்தரவு வேணும். இது வேற யாரோட கல்யாணம்னு காட்டுங்க. இல்லேன்னா..."

"இல்லேன்னா?"

"உங்க மனைவியைக் கூட்டிட்டு வாங்க. அவங்ககிட்டயே விசாரிச்சிடலாம்."

தையல்காரி அப்போது கல்யாணக் கோட்டுக்கு அளவெடுத்து, துணியை வெட்டி முடித்திருந்தார். செய்தியைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "அப்ப நான் ரெண்டாந்தாரமா? மூத்தாளுக்கும் ஒரு புடவை எடுத்து வைக்கணுமே!" சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டதும் அவர் குரல் மாறியது. "எனக்கு உங்க மேல சந்தேகம் இல்ல. ஆனா கோவில்ல நம்ம கல்யாண அறிவிப்பை வாசிக்கிறப்ப யாராவது எழுந்து, இந்த ஆளுக்குப் பொண்டாட்டி இருக்குன்னு சொன்னா, அதுக்கப்புறம் நான் எந்த முகத்தோட கடை திறக்கறது? துடைச்சிட்டு வாங்க. அதுவரைக்கும் கோட்டு தையல்லயே இருக்கட்டும்."

ரசீது போர்க்கோலம் பூண்டார். புதிய கோப்பு திறந்தார். முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்தத் தேதியில் தான் மருத்துவமனை லிஃப்டின் குழிக்குள் கிரீஸ் பூசிக்கொண்டிருந்ததற்கு மேற்பார்வையாளர் கையெழுத்திட்ட வேலைச் சீட்டை எடுத்துக்கொண்டு போனார். "காலையில குழியில இருந்தீங்க, சரி. சாயங்காலம்?" என்றார் கணக்கர். ரசீதிடம் சாயங்காலத்துக்கு ரசீது இல்லை.

சோர்ந்து போய் அக்கா வீட்டுக்குப் போனார். அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். தம்பி முழுக் கதையையும் தேதிவாரியாகச் சொல்லி முடிக்கும்வரை கத்தி நிற்கவில்லை.

"துறைமுகத்துக் கோவிலா? அது சித்தப்பா பையனா இருக்கும்."

"எந்தச் சித்தப்பா?"

"தாத்தா ரெண்டாவது கல்யாணம் பண்ணினாரே, அந்தப் பாட்டியோட பையன். நீ கைக்குழந்தையா இருக்கறப்ப அப்பாவுக்கும் அவருக்கும் ஏதோ மனஸ்தாபம். அவர் குடும்பத்தோட துறைமுகப் பக்கம் போயிட்டார். அவரோட தலைச்சனுக்கும் உன் பேருதான். தாத்தா பேரை விட்டா நம்ம வீட்டுல மூத்த பையனுக்கு வேற பேரு ஏது?"

"இதை ஏன்க்கா இத்தனை வருஷமா சொல்லல?"

"நீ எங்கடா கேட்ட? செத்துப் போனவங்களைத் தேடி வாராவாரம் அங்க போன. நான் என்ன கரையான் அரிச்ச ஏடா, என்னைப் புரட்டிப் பார்க்க?"

அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் அவர் மனத்தில் ஒரு லிஃப்ட் ஓடியது. ஒன்பது மாடி ஏறிய லிஃப்ட். எந்த மாடியிலும் கதவைத் திறந்து, தாழ்வாரத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்று அவர் எட்டிப் பார்த்ததே இல்லை.

மறு சனிக்கிழமை அதே ஏட்டில், தன் பதிவுக்குச் சில தாள்கள் முன்னால், தன் பெயரையே கண்டார். தாத்தா அதே தாத்தா. தகப்பன் பெயர் வேறு. விளிம்பு வெறுமையாக இருந்தது. நடந்தது என்னவென்று இப்போது தெளிவாயிற்று. துறைமுகக் கோவிலிலிருந்து தகவல் வந்தபோது இருந்த கணக்கர், அந்த ஆண்டின் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கம் நோக்கிப் புரட்டியிருக்கிறார். பெயரைக் கண்டவுடன் பேனாவைத் திறந்துவிட்டார். தகப்பன் பெயருக்கு இன்னும் ஒரு வரி இறங்கியிருக்க வேண்டும், இறங்கவில்லை.

துறைமுகக் கோவிலில் கல்யாணப் பதிவைப் பார்த்தார். மணமகனின் தகப்பன் பெயர் சித்தப்பாவினுடையதுதான். அங்கேயே வீட்டு விலாசமும் கிடைத்தது.

கதவைத் திறந்தவர் படகுகளுக்குப் பெயர் எழுதும் பெயின்டர். காதுமடலில்கூட நீல வண்ணம் இருந்தது. மூக்கு மட்டும் அச்சாக ரசீதின் அப்பாவுடையது. அவருக்குப் பின்னால் அவருடைய மனைவி. உள்ளே போய் உட்கார்ந்ததும் ரசீது கோப்பைத் திறந்து, தன் மேல் எழுதப்பட்ட கல்யாணத்தையும் பெயின்டருடைய வெற்று விளிம்பையும் முறைப்படி எடுத்துரைத்தார். பெயின்டர் வாயைப் பிளந்தார். அவர் மனைவி இடுப்பில் கை வைத்தார்.

"அப்ப, கோவில் கணக்குல இந்த மனுஷன் இன்னும் கன்னி கழியாத மாப்பிள்ளையா? மூணு பிள்ளை பெத்திருக்கேன்!"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஏடு சொன்னா சரிதான்" என்றார் பெயின்டர், கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து.

"சும்மா இருங்க, நீங்க வேற. ஆமா, உங்க ரெண்டு பேருல யார் மூத்தவர்?"

ரசீது இருவருடைய ஞானஸ்நானப் பதிவுகளின் நகல்களையும் அருகருகே வைத்தார். பெயின்டரே மூத்தவர்.

"அப்ப நீங்க எனக்குக் கொழுந்தன். நல்லவேளை. மூத்தவரா இருந்தா நான் மரியாதையால்ல பேசணும்! இத்தனை வருஷமா எழுத்துல எனக்குப் புருஷனா இருந்திருக்கீங்க, ஒரு நாளாவது ஒரு முழம் பூ வாங்கித் தந்தீங்களா?"

"தகவல் கிடைக்கல அண்ணி" என்றார் ரசீது. அந்த முறைச்சொல் தன் வாயிலிருந்து முதல்முதலாக வருகிறது என்பது சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. அண்ணி அதற்குள் தட்டு வைத்துவிட்டார்.

கணவனும் மனைவியும் பங்கு அலுவலகத்துக்கு வந்து சாட்சி சொன்னார்கள். "இவங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னீங்களே" என்று ரசீது சாமியாரிடம் அண்ணியைக் காட்டினார். கணக்கர் எழுந்து நின்று நாற்காலி கொடுத்தார். ஆயர் இல்லத்து உத்தரவு வந்தது. தவறான குறிப்பு அடிக்கப்பட்டு, கல்யாணம் அதன் சொந்தக்காரருடைய விளிம்புக்குக் குடிபெயர்ந்தது. ஜூன் பத்தாம் தேதி ரசீதின் கையில் மாசற்ற சான்றிதழ் ஒன்று வந்து சேர்ந்தது. ஆறு மாதங்களுக்குச் செல்லுபடியாகும்.

கதை அங்கேயே சுபமாக முடிந்திருக்கலாம். ஆனால் தாழ்வாரத்தைக் கண்டுகொண்டவர் சும்மா இருப்பாரா? ஒவ்வொரு மாடியிலும் கதவைத் திறக்கத் தொடங்கினார். தாத்தாவின் தங்கைகள், அவர்களுடைய பேரன்மார், ஞானத்தகப்பனாகக் கையெழுத்திட்ட மாமன்கள் என்று உறவு பக்கவாட்டில் பெருகியது. இந்த முறை ஏட்டோடு நிற்காமல் வீடு வீடாகவும் போனார். போன வீட்டிலெல்லாம் சாப்பிடச் சொன்னார்கள். மறுத்தால் மனவருத்தம் என்று சாப்பிட்டார். தையல்காரி தேதியைக் கேட்கும்போதெல்லாம், "அழைப்பிதழ்ல யாரும் விட்டுப் போயிடக்கூடாதில்ல? இன்னும் ஒரு கிளைதான் பாக்கி" என்றார்.

"மரம்னா கிளை விட்டுக்கிட்டேதான் இருக்கும்" என்றார் தையல்காரி ஒருமுறை, வாயில் குண்டூசிகளோடு. ரசீது அதைச் சிரிப்பாக எடுத்துக்கொண்டார்.

நவம்பர் ஒன்பதாம் தேதி, தையல்காரியின் கட்டடத்து லிஃப்டின் உள்சுவரில், பராமரிப்பு அட்டை தொங்கும் ஆணியில், ஓர் உறை செருகப்பட்டிருந்தது. மேலே 'நேரில்' என்று எழுதியிருந்தது. ரசீது லிஃப்டை நிறுத்திவிட்டு, உள்ளேயே நின்று வாசித்தார்.

"குற்றச்சாட்டு வருமாறு: மார்ச் மாதம் அளவெடுக்கப்பட்ட கோட்டு, ஜூன் மாதம் தைத்து முடிக்கப்பட்டது. தாங்கள் உறவினர் வீடுகளில் உண்டு வந்ததன் விளைவாக, ஆகஸ்டில் ஒருமுறையும் அக்டோபரில் ஒருமுறையும் அதன் பக்கத் தையல் பிரித்துவிடப்பட்டது. உள்ளே மடித்துவைத்திருந்த துணி இத்துடன் தீர்ந்தது. இனி ஒரு கிளை கண்டுபிடிக்கப்பட்டாலும் கோட்டு மூடாது.

தங்கள் சான்றிதழ் டிசம்பர் பத்தாம் தேதி காலாவதியாகிறது. ஜூன் முதல் வாரத்தில் நான் எடுத்தது அதற்கும் முன்பே. இன்னொரு முறை அலுவலகத்துக்குப் போய் நிற்க எனக்கு விருப்பமில்லை.

தங்கள் குடும்பத்தில் விட்டுப்போனவர்களைத் தேடுவதற்கு நான் எதிரியல்ல. கல்யாணத்துக்குப் பிறகு நானும் வருகிறேன். சாப்பாட்டில் பாதியை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் தங்கள் ஏட்டின் விளிம்பு இப்போது காலியாக இருக்கிறது. அதில் என் பெயர் எழுதப்பட வேண்டும் என்பதே என் கோரிக்கை. சாமியாரிடம் கேட்டு நவம்பர் இருபத்தெட்டாம் தேதி காலையைப் பிடித்து வைத்திருக்கிறேன். தங்கள் அக்காவுக்கும் துறைமுகத்து அண்ணிக்கும் சொல்லியாகிவிட்டது, இருவரும் சம்மதம்."

கீழே யாரோ லிஃப்டுக்காகப் பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தார்கள். ரசீது சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைப் பல்லால் கழற்றிய பிறகுதான் கடைசி வரிகளை வாசித்தார்.

"இந்தத் தாளின் அடியில் இடம் விட்டிருக்கிறேன். சம்மதமா இல்லையா என்பதை இன்று கடை மூடுவதற்குள் தங்கள் கைப்பட எழுதி, தேதியிட்டு, கையெழுத்துடன் தரவும். வாய்மொழிப் பதில் ஏற்கப்படமாட்டாது."