பத்தடி தள்ளி நின்று பார்ப்பவர்

எழுபதுகளில் நான் கும்மிடிப்பூண்டி தபால் ஆபீஸ் கவுண்டரில் இருந்தேன். டெல்லிக்கு ரிஜிஸ்டர் தபால் அனுப்ப ஒருவர் வருவார். ஒல்லியான உடம்பு, சட்டைப் பையில் இங்க் கறை. தபால் தலைக்குப் படம் வரைகிறவர். எதைப் பார்த்தாலும் பத்தடி பின்னால் போய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். பெரிதாக வரைந்து கொடுப்பதை அச்சில் கட்டைவிரல் அளவுக்குக் குறுக்கிவிடுவார்களாம். அதில் எது தெரியும், எது அழியும் என்று கண்டுபிடிக்க அதுதான் வழி என்றார்.

ஒருமுறை அவர் வரைந்த படகோட்டி தபால் தலையாக வந்தது. அன்று காலை கதவு திறக்கும் முன்பே வாசலில் நின்றிருந்தார். ஒன்று வாங்கி உற்றுப் பார்த்தவர், அதை என்னிடம் நீட்டினார்.

“சார், இந்த ஆளு மூஞ்சி தெரியுதா?”

படகு தெரிந்தது, துடுப்பு தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. இல்லை என்று தலையசைத்தேன்.

“எம் புள்ள சார். ஊட்ட உட்டுப் போயி மூணு வருசம் ஆவுது. தேடாத ஊரில்ல. இது நாடு முழுக்கப் போவுமே, யாராச்சும் பாத்து, இந்தப் பையன் இங்க கீறான்னு எழுத மாட்டாங்களான்னுதான் அவன் மூஞ்சிய வரைஞ்சேன்.”

“இந்த அளவுல முகம் நிக்காதுன்னு உங்களுக்குத் தெரியாதா?” என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“இந்தப் படத்த மட்டும் தள்ளி நின்னு பாக்கல சார். அவன்கிட்டயே ஒக்காந்துக்கினு இருந்துட்டேன்.”

அந்தத் தபால் தலை தீரும்வரை முத்திரையை ஓரமாகவே குத்தினேன். போஸ்ட்மாஸ்டர் திட்டினார். அந்தப் புள்ளி மேல் குத்த எனக்குக் கை வரவில்லை.