சுஜி சொன்ன சீரியல்

அஸ்தினாபுரம் காமு எழும்பூரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறாள். சீரியல் முடிகிற ஏழரை மணிக்குத்தான் அவளுக்கு ரயில். வீட்டுக்குப் போனால் டிவி கணவர் ராஜாராமனின் தனிச்சொத்து. அதில் நாலு பேர் உட்கார்ந்து கத்துவார்கள், இவர் தலையாட்டுவார். அதனால் நாலு வருடமாகக் காமு சீரியலைக் காதால்தான் பார்த்தாள். ஊரப்பாக்கத்திலிருந்து ஓர்ப்படி சுஜி போன் செய்து அன்றைய கதையைச் சொல்வாள். பல்லாவரம் வருவதற்குள் முடிந்துவிடும்.

மாமனார் வீட்டைப் பிரித்ததிலிருந்து அண்ணனும் தம்பியும் எலியும் பூனையும். எதைத் தொட்டாலும் அந்தச் சண்டையில் போய் நிற்குமே என்று இவர்கள் இருவரும் சீரியலை மட்டும் பேசினார்கள். ‘எப்படி இருக்கே’ என்றுகூடக் கேட்டதில்லை.

போன வெள்ளிக்கிழமை, “அவ்ளோதான்க்கா, சீரியல் முடிஞ்சிடுச்சு” என்றாள் சுஜி. கதாநாயகி நல்லபடியாக வீடு திரும்பிவிட்டாளாம். அதற்கப்புறம் போன் இல்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் காமுவுக்குச் சோறு இறங்கவில்லை. “சீரியலுக்கெல்லாமா துக்கம் காப்பாங்க?” என்றார் ராஜாராமன். இனி எந்தச் சாக்கில் சுஜியோடு பேசுவது என்பதுதான் துக்கம். அதை அவரிடம் விளக்கத் தெம்பில்லை.

திங்கட்கிழமை ஆபீஸில் விஷ்ணுப்ரியாவிடம் சொல்லி வருத்தப்பட்டாள்.

“அந்த சீரியலா மேடம்? ஜூலைலயே முடிஞ்சுதே. ஹீரோயின் செத்துப்போயிட்டா.”

இது செப்டம்பர். அன்று ரயிலில் நின்றபடியே காமு தானே போன் போட்டாள்.

“ஏன் சுஜி பொய் சொன்னே?”

சுஜி மறைக்கவில்லை.

“பையன் ப்ளஸ் டூ வந்ததும் ஜூன்லயே கேபிளை கட் பண்ணியாச்சுக்கா. அவன் படிக்கணுமே. அப்புறம் நானாத்தான் கட்டிச் சொன்னேன். கதை இல்லேன்னா நாம என்னத்தைப் பேசுவோம்?”

“பின்ன ஏன் முடிச்சே?”

“முடியலக்கா. நாலரைக்கு எழுந்து அவனை எழுப்பி, சமைச்சு, ட்யூஷனுக்கு அனுப்பி… தினம் ஒரு கதைக்கு எங்க போவேன்? அலுத்துப்போச்சு.”

காமுவுக்கு வந்த கோபம் போன இடம் தெரியவில்லை. மூன்று மாதம் தனக்காக ஒருத்தி மண்டையை உடைத்துக்கொண்டு கதை கட்டியிருக்கிறாள். தான் ‘உம்’ கொட்டியதோடு சரி. வெட்கமாக இருந்தது. ரயில் மீனம்பாக்கத்தைத் தாண்டியது. சுஜி போனை வைக்கவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும். எங்கே ஆரம்பிப்பதென்று தெரியவில்லை.

“எனக்குக் கால் ரொம்ப வலிக்குது சுஜி.”

“எந்தக் கால்க்கா?” என்றாள் சுஜி.

சுற்றிலும் ஆட்கள் நிற்பதையும் பாராமல் காமு அழுதாள்.