தோளோடு தைத்த துண்டு

வசனம் எடுத்துக் கொடுப்பவனின் குரல் சபைக்குக் கேட்கக் கூடாது. பக்கப்படுதாவுக்குப் பின்னால் நின்று அப்படித்தான் இத்தனை வருஷம் குசுகுசுத்தேன். இப்போது ஊருக்கே கேட்கட்டும் என்று சொல்கிறேன்: எங்கள் தென்காசி நாடக மன்றத்துக்கு மேடையும் உடுப்பும் செய்தவர் ஜெபமலர் அக்கா. வேறு எவனும் இல்லை.

அக்கா பாளையங்கோட்டையில் தையல் படித்தவர். கணவர் போன பிறகு தென்காசி ரயிலடிப் பக்கம் தையல் மிஷின் போட்டுப் பிழைத்தார். மன்றத்துக்கு உடுப்புத் தைக்க வந்த முதல் நாளே, பெட்டியில் இருந்த ஜிகினாச் சேலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இத உடுத்திக்கிட்டு எந்தப் பொம்பள களை பறிப்பா? உங்க வீட்டுல பறிக்காளா?" என்று கேட்டார். தலைவர் வக்கீல் சிவனணைந்தபெருமாளுக்கு முகம் சுண்டிப் போயிற்று. ஆனாலும் ஆளை விட முடியவில்லை. அக்கா கை வைத்தால் நாலு தட்டியும் ஒரு கூரைக் கீற்றும் வீடாகிவிடும்.

ஐம்பத்தேழாம் வருஷம் குற்றாலம் சீசனுக்கு ஒரு நாடகம் எடுத்தோம். பண்ணையாரிடம் குனிந்தே பழகிய குத்தகைக்காரன், கடைசியில் அவர் வீட்டுக்குள் நிமிர்ந்து போய் நியாயம் கேட்பதுதான் கதை. அவனுக்கு வேட்டி வேண்டும் என்று அக்கா சுந்தரபாண்டியபுரம் வயலுக்கே போனார். அங்கே உழுதுகொண்டிருந்தவரிடம் புது வேட்டியைக் கொடுத்து, அவர் கட்டியிருந்ததைக் கேட்டார். "பழசுக்குப் புதுசா? இந்தம்மாவுக்கு என்னமும் கோளாறா?" என்று அந்த மனுஷர் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டினாராம். அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

குத்தகைக்காரனாக நடித்தவன் மாடக்கண்ணு. புளியறையில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவன். கணீரென்ற குரல். அவனுக்கு அக்கா செய்த உடுப்பில் ஒரு கணக்கு இருந்தது. முதல் காட்சிகளில் துண்டு இடுப்பில் இருக்கும். கடைசி இரண்டு காட்சிகளில்தான் சட்டை, அப்போது துண்டு தோளில் இருக்கும். எங்கள் பக்கத்தில் பண்ணைக்காரர்கள் முன்னால் ஏழை பாழை தோளில் துண்டு போட்டு நின்றுவிட முடியாது. எடுத்துக் கக்கத்தில் வைக்க வேண்டும். இதைச் சொல்லும்போதே எனக்கு உடம்பு எரிகிறது. ஒரு முழத் துணி தோளில் கிடந்தால் இவர்களுக்கு என்ன குடி முழுகிப் போகும்?

கடைசி ஒத்திகையன்று மேலப்பண்ணை முதலாளி கொட்டகைக்கு வந்தார். மேடைக்குத் தன் தேக்கு நாற்காலியை இரவல் தந்திருந்தார். அதில் கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்க்க வந்தவர். மாடக்கண்ணுவின் அப்பா உழைத்து ஓய்ந்ததெல்லாம் அந்தப் பண்ணையில்தான். முதலாளி உள்ளே கால் வைத்தபோது அவன் கையை நீட்டி நியாயம் கேட்டுக்கொண்டிருந்தான். வசனம் நிற்கவில்லை. ஆனால் துண்டு தோளிலிருந்து கக்கத்துக்குப் போய்விட்டது. நான்கூடக் கவனிக்கவில்லை, அக்கா கவனித்துவிட்டார்.

முதலாளி போன பிறகு அக்கா கேட்டார்: "துண்ட ஏன் எடுத்தீய?"

"நான் எங்கக்கா எடுத்தேன்?" என்றான் மாடக்கண்ணு. குனிந்து கக்கத்தைப் பார்த்தான். அவன் முகம் செத்துப் போயிற்று. எடுத்தது அவனுக்கே தெரியவில்லை, பாவம்.

அக்கா சட்டையையும் துண்டையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் சாயங்காலம் நாடகம். சாரலில் நனைந்துகொண்டு சனம் வந்து நிறைந்துவிட்டது. முன்வரிசையில் முதலாளி. கடைசிக்கு முந்தைய காட்சியில் மாடக்கண்ணு தோளில் துண்டோடு மேடையேறினான். இரண்டு அடி வைத்ததும் முதலாளியின் கண் அவன் மேல் விழுந்தது. அவன் கை தானாகத் தோளுக்குப் போயிற்று. இழுத்தான். துண்டு வரவில்லை. மறுபடியும் இழுத்தான். சட்டைதான் தூக்கிக்கொண்டு வந்தது. அக்கா துண்டைச் சட்டையோடு சேர்த்துத் தைத்துவிட்டார், இரட்டைத் தையலாக!

மாடக்கண்ணு திரும்பித் தன் தோளைப் பார்த்தான். நான் வசனத்தை எடுத்துக் கொடுத்தேன். அவன் காதில் ஏறவில்லை. பிறகு கையைத் தொங்கவிட்டான், நெஞ்சை நிமிர்த்தினான், முன்வரிசையைப் பார்த்தே முழு வசனத்தையும் சொல்லி முடித்தான். பின்னால் தரையில் இருந்த சனம் விசிலடித்துக் கொட்டகையைப் பிரித்துவிட்டது. முதலாளி எழுந்து போய்விட்டார்.

படுதா விழுந்ததும் வக்கீல் ஓடி வந்தார். கையில் அக்காவின் கத்தரிக்கோல்.

"ஜெபமலரம்மா, பிரிச்சு விடும்மா. முதலாளி கொதிச்சுப் போய்ப் போறாரு. அடுத்த சீசனுக்கு நாம எங்கன நாடகம் போட?"

"உங்க வசனத்துல நான் கை வைக்குதேனா? உடுப்பு என் பொறுப்பு. கத்தரிக்கோல வைங்க."

அவர் வைக்கவில்லை, மாடக்கண்ணுவின் தோளுக்கே போய்விட்டார். அவன் ஒதுங்கி நின்று, "தொடாதீய அண்ணாச்சி" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

அதற்குள் பண்ணையாட்கள் இருவர் மேடையேறித் தேக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கடைசிக் காட்சி முழுக்கப் பண்ணையார் அதில் உட்கார்ந்திருக்க வேண்டும். வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். அக்கா மேடையை ஒரு பார்வை பார்த்தார்.

"போனாப் போவுது. ரெண்டு பேரும் நிக்கட்டும்" என்றார்.

நின்றார்கள். பண்ணையாரும் குத்தகைக்காரனும் ஒரே தரையில் முகத்துக்கு முகம் நின்று பேசினார்கள். அப்படி ஒரு காட்சியை எங்கள் மேடை அதற்கு முன்னால் கண்டதில்லை.

அதற்குப் பரிசாக அக்காவை மன்றத்தை விட்டு நிறுத்தினார்கள். வேறு ஆள் வந்தான், ஜிகினாவும் வந்தது. நான் கத்திப் பார்த்தேன். "உமக்கு வாய் ரொம்ப நீளம், துல்கர்னைன்" என்று என்னை அடக்கிவிட்டார்கள்.

இதெல்லாம் பழைய கதை, விட்டுவிடலாம். அறுபத்தாறில் நடந்த ஆண்டு விழாவைத்தான் என்னால் விட முடியாது. காலம் மாறியிருந்தது, ஏழை நியாயம் பேசினால் கைதட்டுகிற காலம். வக்கீல் மாலையும் கழுத்துமாக மேடையில் நின்றார். "ஏழையின் தோளில் துண்டு நிலைக்க வேண்டும் என்று அன்றே அதைத் தைக்கச் சொன்னவன் அடியேன். நாற்காலி வேண்டாம், இருவரும் சமமாக நிற்கட்டும் என்றவனும் அடியேன்" என்றார்.

அட பாவி மனுஷா! கடைசி பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருக்கிறார், அவரை வைத்துக்கொண்டே சொல்கிறார்.

நான் பக்கப்படுதாவுக்குப் பின்னால் என் இடத்தில்தான் இருந்தேன். வசனம் தப்பினால் எடுத்துக் கொடுப்பதுதானே என் வேலை? தொண்டை கிழியக் கொடுத்தேன்: "ஜெபமலர்!"

சபை திடுக்கிட்டது. வக்கீல் திணறி, "ஆமாமா, அந்த அம்மாளும் ஊசி நூல் கொடுத்து உதவினார்கள்" என்றார்.

ஊசி நூலாம்! நான் மேடைக்கே பாயப் போனேன். அதற்குள் சனத்தின் நடுவிலிருந்து மாடக்கண்ணு எழுந்துவிட்டான். அதே கணீர்க் குரல்.

"வக்கீலய்யா, அன்னைக்குக் கத்தரிக்கோலத் தூக்கிக்கிட்டு வந்தது ஆரு?"

வக்கீல் பக்கப்படுதாவைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு எடுத்துக் கொடுக்க என்னிடம் வசனம் இல்லை.

மாடக்கண்ணு பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சனத்தை விலக்கிக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போனான். அக்காவின் முன்னால் நின்று, தோளில் கிடந்த துண்டை மரியாதையாக எடுத்துக் கக்கத்தில் வைத்துக் கும்பிட்டான்.

அக்காவுக்கு வந்த கோபத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததே இல்லை. பெஞ்சை விட்டு எழுந்தே விட்டார்.

"இதுக்கா தச்சேன்? போடுங்க மேல!"