குப்புறப் படுக்கும் அதிகாரி

ஆமை வளையின் வாயருகே மேடம் குப்புறப் படுத்து, இடது கன்னத்தை மண்ணோடு ஒட்டி வைத்து, வலது கையில் ஒரு வட்டக் கண்ணாடியைப் பிடித்து வெயிலை உள்ளே திருப்பிவிடுகிறார். வெளிச்சம் வளையின் சுவரில் கொஞ்சம் தடுமாறி, பிறகு நேராக ஆழத்துக்குப் போகிறது. "இருக்கியா, இல்லையா? வாயத் தொறந்து சொல்லேன்" என்று உள்ளே இருப்பதை அதட்டுகிறார். பின்னால் மண்வாரி இயந்திரத்தின் ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டு, கதவைத் திறந்து காலைத் தொங்கப்போட்டபடி டீ குடிக்கிறார். மேடம் எழுந்திருக்கும்வரை அவருக்கு வேலை இல்லை.

மேடத்துக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. நகரத் திட்ட அலுவலகத்தில் கட்டட அனுமதி தரும் அதிகாரி. ஊர் வீங்கி வீங்கி, இனி வீடு கட்ட இடம் என்றால் வெளியே இருக்கும் வறண்ட புதர்க்காடுதான் என்று ஆகிவிட்டது. அந்தப் புதர்க்காட்டில் நில ஆமைகள் வளை தோண்டிக் குடியிருக்கின்றன. அவற்றைத் தொந்தரவு செய்தால் சட்டம் சும்மா விடாது. மனிதருக்கு வீடும் வேண்டும், ஆமைக்கு உயிரும் வேண்டும். நடுவில் ஒரு கையெழுத்துதான். அந்தக் கையெழுத்து இவருடையது.

மற்ற அதிகாரிகள் என்றால் வண்டியை விட்டு இறங்காமலே, கண்ணாடியை இறக்கி நாலு பக்கமும் பார்த்துவிட்டுக் கிளம்பியிருப்பார்கள். இவர் முழுக்கைச் சட்டையும் பை வைத்த பேண்ட்டுமாக வந்து இறங்கி, தொப்பியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பொத்தென்று தரையில் படுத்துவிடுகிறார். முதல் தடவை பார்த்த கட்டட ஒப்பந்ததாரர், மயக்கம் போட்டு விழுந்துவிட்டார் என்று நினைத்துத் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடி வந்தாராம். அன்றிலிருந்து 'ஆமை மேடம்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. அந்தப் பெயர் அவருக்கும் தெரியும். செல்பேசியை எடுத்து, "ஆமாம், ஆமை மேடம்தான் பேசறேன், சொல்லுங்க" என்று அவரே சொல்வதுண்டு.

அந்த வட்டக் கண்ணாடி அவருடைய கணவர் சவரம் செய்துகொள்ளும் கண்ணாடி. பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருக்கும் அந்த நல்ல மனிதர் காலையில் குளியலறையில் நின்று தேடோ தேடு என்று தேடுவார். பிறகு செல்பேசியைச் சுவரில் சாய்த்து வைத்து, அதில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே தாடையைக் கீறிக்கொள்வார். "வேற கண்ணாடி வாங்கித் தரேன்னு சொன்னா கேக்க மாட்டேங்கறா. இதுதான் கைக்கு வாகா இருக்காம். நான் ஒருத்தன் கைக்கு வாகா இல்லாமப் போயிட்டேன்" என்பார். சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை தெரியும். கீறலும் தெரியும்.

ஆமையைத் தூக்குவதில் மேடம் காட்டும் கவனம் பார்க்க வேண்டிய ஒன்று. வளைக்கு வெளியே விரலால் தட்டி, அது தானாக வெளியே வரும்வரை காத்திருப்பார். வந்ததும் புதுக் கையுறை மாட்டி, வயிற்றுக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்து, தளும்பத் தளும்ப நிரம்பிய பாத்திரத்தைத் தூக்குவதுபோலக் கொஞ்சமும் சாயாமல் தூக்குவார். காரணம் இருக்கிறது. கோடை முழுவதற்குமான தண்ணீரை அந்த ஆமை தன் உடம்புக்குள் சேர்த்து வைத்திருக்கும். பயந்துவிட்டால் அத்தனையையும் வெளியே விட்டுவிடும். அப்புறம் மழை வரும்வரை அதற்குக் குடிக்க ஒரு சொட்டு கிடையாது. விட்ட இடத்திலேயே வற்றிச் செத்துப்போகும்.

ஒருநாள் ஒப்பந்ததாரர் உதவி செய்கிறேன் பேர்வழி என்று ஓர் ஆமையைக் கால்பந்தைப்போல அள்ளிக்கொண்டு, "மேடம், பிடிச்சிட்டேன்!" என்று ஓடி வந்தார். வந்து சேர்வதற்குள் அவருடைய சட்டையும் பேண்ட்டும் தொப்பலாக நனைந்துவிட்டன. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மேடம் மட்டும் சிரிக்கவில்லை. "அது குடிக்க வெச்சிருந்த தண்ணிங்க, உங்க மேல கொட்டிட்டீங்க" என்றார். பிறகு ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றி, ஆமையை அதில் வைத்து, குடை பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அது தலையை நீட்டிக் குடித்து முடிக்கும்வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை. ஒப்பந்ததாரர் ஈரப் பேண்ட்டோடு அத்தனை நேரமும் எதிரே நின்றார். இப்போது அவர் புதிதாக வேலைக்கு வரும் ஆட்களுக்குச் சொல்லும் முதல் பாடம், "ஆமையப் பாத்தா கைய பாக்கெட்ல போட்டுக்கோ, மேடத்துக்கு போன் பண்ணு" என்பதுதான்.

இத்தனை செய்தும் மேடத்துக்குக் கிடைப்பது இரண்டு பக்கத்துத் திட்டும்தான். வீடு கட்டுகிறவர்கள், "ஆமைக்கு வக்கீல்" என்கிறார்கள். காட்டைக் காக்க வேண்டும் என்று பலகை பிடித்து நிற்பவர்கள், "கட்டடக்காரங்களோட ஆளு" என்கிறார்கள். பலகை பிடித்தவர்களில் ஒரு கல்லூரிப் பேராசிரியை நேருக்கு நேராகவே கேட்டுவிட்டார்: "இவ்வளவு அக்கறை இருக்கறவங்க ஏன் அனுமதி தர்றீங்க? மாட்டேன்னு சொல்ல வேண்டியதுதானே?" மேடம் சொன்ன பதில்: "வீடு வேணாம்னு சொல்ல நான் யாருங்க? நான் ஒரு வீட்டுலதானே தூங்கறேன்." பேராசிரியை பலகையைக் கீழே இறக்கினார். பிறகு, "அதுவும் நியாயம்தான். ஆனா எனக்குக் கோபம் போகல" என்றார். "எனக்கும்தான் போகல" என்றார் மேடம். இருவரும் சேர்ந்தே காபி குடிக்கப் போனார்கள்.

இந்தக் கறார் மனுஷிக்குச் சோதனை வெளியிலிருந்து வரவில்லை, கூடப்பிறந்த தங்கையிடமிருந்து வந்தது.

கட்டப்போகும் புதுக் குடியிருப்பின் மேற்கு வரிசையில் மூலை வீட்டைத் தங்கை வாங்கியிருந்தாள். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கடைசியில் சொல்லி அசத்தலாம் என்று இருந்துவிட்டாள். ஆசைப்பட்டு வாங்கிய வீடு என்பதைவிட, அவசரத்துக்கு வாங்கிய வீடு என்பதுதான் சரி. அவள் குடியிருப்பது மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. மாமியாருக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டது. வாய் மட்டும் நன்றாக ஓடும். மனுஷி தெருவில் இறங்கிப் பல மாதம் ஆகிறது. ஜன்னல் கம்பி வழியாகக் கையை வெளியே நீட்டி, "இன்னிக்கு வெயில் கொஞ்சம் கம்மிதான்" என்று சொல்வதோடு அவருடைய ஊர் சுற்றல் முடிந்துவிடும். தரையோடு இருக்கும் வீட்டுக்குப் போனால் வாசலிலாவது உட்காரலாம் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தார்.

விஷயம் தெரிந்ததும் மேடம் நேராக மேலதிகாரியிடம் போய், "சார், மேற்கு வரிசையில என் தங்கச்சி வீடு வருது. அத வேற யாராவது பாக்கட்டும்" என்றார். அவர் சிரித்துவிட்டார். "வேற யாருக்கு மேடம் குப்புறப் படுக்கத் தெரியும்? சாட்சிக்கு வனத்துறை ஆள் ஒருத்தரப் பக்கத்துல வெச்சுக்கிட்டு நீங்களே பாருங்க."

அப்படியே பார்த்தார். வரிசை முழுவதும் சுத்தமாக இருந்தது. மூலை மனையில் மட்டும் ஒரு வளை. கண்ணாடி வெளிச்சத்தில் உள்ளே காலி. வாயில் சிலந்தி வலை வேறு கட்டியிருந்தது. வனத்துறைக்காரர் எட்டிப் பார்த்து, "பழைய வளை மேடம். விட்டுட்டுப் போயிருக்கு. மூடிடலாம்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. யார் பார்த்தாலும் அப்படித்தான் சொல்வார்கள்.

ஆனால் மேடத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. காலி வளையானாலும் வாசலில் குவிந்திருக்கும் மண்ணை விரலால் அளைந்து பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். பெண் ஆமை சில சமயம் அந்த மண்ணில் முட்டையிட்டுவிட்டு வேறு வளைக்குப் போய்விடும். இதைச் செய்யச் சொல்லி யாரும் அவரிடம் கேட்பதில்லை. அன்றைக்கு மட்டும் தொடாமல் எழுந்துவிடலாமா என்று ஆசை வந்ததாம். ஆசை என்றால் சாதாரண ஆசை இல்லை. அவரே கணவரிடம் சொன்னது இது. தொப்பியை எடுத்துத் தலையில் வைத்து, திரும்பவும் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு கையை நுழைத்தார்.

ஒரு சாண் ஆழத்தில் உருண்டையாக, வெள்ளையாக ஒரு முட்டை தட்டுப்பட்டது. அதன் பக்கத்தில் இன்னொன்று. புரண்டுவிட்டால் உள்ளே இருக்கும் உயிர் போய்விடும் என்பதால் இரண்டையும் அசைக்காமல் மண்ணைத் திரும்பத் தள்ளி மூடினார்.

கட்டடப் பொறியாளர் வரைபடத்தைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார். "மேடம்... இது அந்த மூலை வீடு."

"தெரியும். மத்த வீடு எல்லாத்துக்கும் இன்னிக்கே கையெழுத்துப் போடறேன். மூலை வீடு மட்டும் நிக்கட்டும்."

"எவ்வளவு நாளைக்கு?"

"குஞ்சு பொரிச்சு வெளிய வர்ற வரைக்கும். கோடை போகணும்." சொல்லிக்கொண்டே முட்டை இருந்த இடத்தைச் சுற்றிக் குச்சி நட்டுக் கயிறு கட்டத் தொடங்கினார். முடிச்சு சரியாக விழாமல் இரண்டு முறை அவிழ்ந்தது. ஒப்பந்ததாரர் வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

அன்று மாலையே தங்கை போனில் வெடித்தாள்.

"ஊர்ல உள்ளவங்களுக்கெல்லாம் அனுமதி. எனக்கு மட்டும் கயிறு கட்டிட்டு வந்திருக்க. நீயெல்லாம் ஒரு அக்காவா?"

"முட்டை இருக்குடி. நான் என்ன பண்ணட்டும்?"

"பாக்காம விட்டிருக்கலாம்ல? அந்த வனத்துறை ஆள்தான் காலின்னு சொன்னாராமே. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே."

"நல்லாத் தெரிஞ்சுக்கோ. இங்க ஒரு மனுஷி ஜன்னலுக்கு வெளிய கைய நீட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க. மண்ணுக்குள்ள இருக்கற முட்டைக்கு உள்ள மரியாதை அவங்களுக்கு இல்ல. அதையும் தெரிஞ்சுக்கோ."

போன் வைக்கப்பட்டுவிட்டது. மேடம் சட்டம் தெரிந்தவர், ஆமை தெரிந்தவர், ஒப்பந்ததாரர்களின் வாயை அடைக்கத் தெரிந்தவர். தங்கை சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது என்று மட்டும் அவருக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. தப்பே இல்லை என்பதுதான் அவரைக் குடைந்தது. அன்று இரவு சாப்பாட்டைத் தட்டில் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார். கணவர் வழக்கம்போல ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று வந்து, முகத்தைப் பார்த்துவிட்டு, தட்டில் கொஞ்சம் மோர் ஊற்றிவிட்டுப் போனார்.

விடுமுறை நாள் வந்தது. மேடத்தின் வீடு தரையோடு இருக்கும் சின்ன வீடு. முன்னறைதான் அவர்களுடைய படுக்கையறை. கதவைத் திறந்தால் வாசல், வாசலைத் தாண்டினால் தெரு. காலையில் கணவரும் அவருமாக அந்த அறையிலிருந்து தங்கள் துணிமணிகளைச் சமையலறைக்குப் பக்கத்தில் இருக்கும் சாமான் அறைக்கு மாற்றினார்கள். கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, புது விரிப்பு விரித்தார்கள். "நாம எங்க படுக்கறது?" என்று கணவர் கேட்டார். "நான்தான் எங்க வேணா படுப்பேனே" என்றார் மேடம். பணிமனையிலிருந்து கணவர் ஒரு வேனைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். அதில் ஏறிப் போனார்கள்.

தங்கை கதவைத் திறந்தாள். வா என்று சொல்லவில்லை. மேடமும் அதை எதிர்பார்க்கவில்லை. நேராக ஜன்னலோரம் போய், "அத்தை, கோடை முடியற வரைக்கும் எங்க வீட்டுல இருங்க. கிளம்புங்க" என்றார்.

"அடியம்மா! என்னை இறக்கறதுக்கு கிரேன்தான் வரணும். இல்ல, நானும் உன் ஆமைல ஒண்ணுன்னு நெனச்சுக்கிட்டியா?" மாமியார் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் கலங்கிவிட்டது.

"அக்கா, உனக்கு முதுகு வலி இருக்கு. சும்மா இரு" என்றாள் தங்கை. கோபம் தீராத குரல்தான். "அத்தானாவது தூக்கட்டும்."

"நான் தூக்கறேன்னு அப்பவே சொன்னேன், கேக்கல" என்றார் வாசலில் நின்ற கணவர்.

மேடம் சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டார். மாமியாரின் நாற்காலிக்கு முன்னால் போய், முதுகைக் காட்டிக் குந்தி உட்கார்ந்து, இரண்டு கைகளையும் பின்பக்கமாக நீட்டினார்.