முகத்தில் நிறம் பார்க்கிறவர்

கடைசிப் பூச்சும் காய்ந்ததும் பெயிண்டர் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து, உதறி, தோளில் போட்டுக்கொண்டு, "வாங்க, வந்து பாருங்க" என்று வீட்டுக்காரர்களைக் கூப்பிடுவார். அவர்கள் சுவரைப் பார்ப்பார்கள். இவர் அவர்கள் முகத்தைப் பார்ப்பார். புருவம் ஏறுகிறதா, உதடு விரிகிறதா, வீட்டம்மா வீட்டுக்காரரை ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்க்கிறாளா, ஒன்றும் தப்பாது. பாராட்டுக்கு அலைகிற மனிதர் என்று பலரும் நினைத்திருக்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

ஆள் ஒல்லி. ஏறி நிற்பது ஏணிக்கே தெரியாது. காதுமடலில் எப்போதும் யார் வீட்டு வெள்ளையாவது ஒட்டியிருக்கும். பட்டி பூசிச் சுவரைச் சமமாக்குவதில் சூரர். உப்புத்தாள் போட்டுத் தேய்த்த சுவரைக் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவி, "இந்த இடத்துல ஒரு மேடு இருக்கு" என்பார். விளக்கைப் போட்டுப் பார்த்தாலும் நமக்கு ஒரு மண்ணும் தெரியாது. தொட்டுப் பார்த்தால் இருக்கும். ஒரு சுவர் முடிந்ததும் அதை இரண்டு தட்டு தட்டுவார், பள்ளிக்கூடம் கிளம்புகிற பிள்ளையின் முதுகில் தட்டுகிற மாதிரி. "போயிட்டு வா ராசா" என்றும் சில சமயம் சொல்வதுண்டு.

தொழிலில் அவருக்குப் பெயர் 'ஜோடி'. மனைவி இல்லாமல் எந்த வீட்டு வேலைக்கும் போனதில்லை. வாளியில் பெயிண்டைக் கலக்குவது அந்த அம்மாள். கலக்கி முடித்து அவள் தலையசைத்த பிறகுதான் இவர் பிரஷ்ஷை நனைப்பார். "என்னண்ணே, மேலிடத்துல உத்தரவு வந்தாச்சா?" என்று மற்ற பெயிண்டர்கள் சீண்டுவார்கள். "உத்தரவு இல்லாம உசுரு மூச்சே விடாது தம்பி" என்று இவரும் சேர்ந்து சிரிப்பார்.

சிரிப்புக்குப் பின்னால் ஒரு சங்கதி இருந்தது. அவர் கண்ணுக்கு இளநீலமும் இளம் ஊதாவும் ஒன்றேதான். பிறவியிலேயே அப்படி. கல்யாணமான முதல் வாரத்தில், "இந்த நீலப் புடவை உனக்கு எடுப்பா இருக்கு" என்று மனைவியைப் புகழ்ந்தார். அவள் கட்டியிருந்தது கத்திரிப்பூ நிறம். விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் புருஷன் செய்கிற தொழில் என்ன என்பது உறைத்து, சிரிப்பை நிறுத்தினாள். மறுநாள் காலை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாளியை எடுத்துக்கொண்டு, அவருக்கு முன்னால் வாசலில் நின்றாள். இருபத்தாறு வருஷம் ஆகிறது. இருவரையும் தவிர மூன்றாம் ஆளுக்குத் தெரியாது. நிறம் தெரியாத பெயிண்டரை எவர் வீட்டுக்குள் விடுவார்?

இந்தச் சமயத்தில்தான் தையல்காரம்மா கூப்பிட்டார். முப்பது வருஷமாக அடுப்படிக்கு வெளியே, ஆள் நடக்கிற வழியில், சுவரோரமாக மிஷினைப் போட்டுத் தைத்தவர். மகன் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போக, அவன் அறை காலியானது. "எல்லாருக்கும் எல்லாக் கலர்லயும் தைச்சுக் குடுத்தாச்சு. எனக்குன்னு ஒரு கலர் வேணும். மெல்லிசா, கத்திரிப்பூ கலர்ல" என்றார். பெயிண்டரின் மனைவி அறையைச் சுற்றிப் பார்த்து, "மூணு பக்கம் கத்திரிப்பூ, ஜன்னல் பக்கம் மட்டும் வெள்ளை அக்கா. வெளிச்சம் வந்து விழுந்தா அள்ளிக்கிட்டுப் போகும்" என்றாள். ஹாலுக்கு இளநீலம் என்று முடிவானது. கூடவே ஒரு செய்தியும் காதில் விழுந்தது. தையல்காரம்மாவின் அண்ணன் நாலு மாடிக் கட்டடம் ஒன்று எழுப்பியிருக்கிறார், பன்னிரண்டு வீடு. வெள்ளிக்கிழமை தங்கை வீட்டுக்கு வருகிறார். வேலை பிடித்துவிட்டால் பன்னிரண்டும் இந்த ஜோடிக்குத்தான். வருஷம் முழுக்க வேலை தேடி அலைய வேண்டாம்.

பெயிண்டை வாங்கிக் கலக்கி, ஒரே மாதிரி இரண்டு வாளிகளில் ஊற்றி, தையல்காரம்மா வீட்டில் மூடி வைத்த அன்றைக்கே மகளுக்குப் பிரசவ நாள் நெருங்கிவிட்டதென்று போன் வந்தது. மனைவி கிளம்பினாள். கிளம்புமுன் பழந்துணியைக் கிழித்து வாளிக் கைப்பிடிகளில் கட்டினாள். ஹாலுக்கு ஒரு முடிச்சு, தையல் அறைக்கு இரண்டு. "முடிச்சைத் தொட்டுப் பார்த்துட்டு மூடியைத் திறங்க" என்று மூன்று முறை சொல்லிவிட்டுப் போனாள்.

புதன்கிழமை காலை பெயிண்டர் போய்ப் பார்த்தால் கைப்பிடிகள் மொட்டையாக இருந்தன. துண்டுத்துணி கண்ணில் பட்டால் கூட்டித் தள்ளுவது தையல்காரம்மாவின் கைப்பழக்கம். "வாளியில ஏதோ கந்தல் தொங்கிச்சு தம்பி, எடுத்து எறிஞ்சுட்டேன்" என்றார், நல்ல காரியம் செய்த முகத்தோடு.

அவர் இரண்டு மூடிகளையும் திறந்தார். இரண்டும் ஒன்றுபோலவே சிரித்தன. மாடிப்படிக்குப் போய் மனைவிக்குப் போன் போட்டார்.

"என்னங்க, இன்னும் வலி வரலை. டாக்டரம்மா நாளைக்குங்கிறாங்க."

"இங்க எனக்கு வந்துடுச்சு" என்று நடந்ததைச் சொன்னார். "கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணை எடுத்து அடிச்சிரட்டுமா? பாதிக்குப் பாதி வாய்ப்பிருக்கே."

"அந்தக்கா முப்பது வருஷமா ஆசைப்பட்ட ரூமுங்க அது."

அவர் படியில் உட்கார்ந்தார்.

"கேட்டுடுங்க. நூலுக்கு நூல் சாயம் பார்த்துப் பொழைக்கிறவங்க. நம்மளை ஒண்ணும் கடிச்சுத் தின்ன மாட்டாங்க."

திரும்பி வந்தார். துண்டை அவிழ்த்தார், கட்டினார், மறுபடி அவிழ்த்தார். "அக்கா, இதுல எது கத்திரிப்பூ?"

"என்ன தம்பி, என் கண்ணுக்குப் பரீட்சையா?"

"என் கண்ணுக்குத்தான்க்கா. நான் அதுல ஃபெயிலு. பொறந்ததுல இருந்தே."

தையல்காரம்மா மிஷினை நிறுத்தினார். அவரை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். பெயிண்டருக்கு அந்த முகத்தில் ஒன்றையும் படிக்க முடியவில்லை. எத்தனை முகம் பார்த்தவர், அன்றைக்கு அதுவும் கைவிட்டது.

"ஓ, அந்தக் கந்தல் முடிச்சு இதுக்குத்தானா? உங்க வீட்டம்மா எந்த வாளிக்கு எத்தனை போட்டாங்க?" என்று கேட்டுக்கொண்டே நூல்கண்டுப் பெட்டியைத் திறந்தார். தடித்த நூலை நாலாக மடித்து, ஒரு வாளியில் ஒன்று, மற்றதில் இரண்டு என்று இறுக்கி முடிச்சிட்டார். "கந்தல்னு நெனச்சது என் தப்பு. இது அவுறாது."

பெயிண்டர் நின்ற இடத்திலேயே நின்றார்.

"இன்னும் என்ன? இங்க வாங்க." குரலைத் தாழ்த்தினார். "ஊசிக்காது என் கண்ணுக்குத் தெரியாமப் போயி ஆறு வருஷம் ஆச்சு. பக்கத்து வீட்டுப் பொண்ணு தினம் காலையில மிஷினுக்கும் கோத்து, கையூசி பத்தும் கோத்துக் குடுத்துட்டுப் போறா. பத்தும் தீர்ந்தா எனக்கு லீவு. வெளிய மூச்சு விட்டீங்கன்னா பார்த்துக்குங்க!"

பெயிண்டருக்குக் கண் நிறைந்துவிட்டது. "நல்லா இருப்பீங்கக்கா" என்றார். அன்று அவர் அடித்த மாதிரி என்றைக்கும் அடித்ததில்லை. மூலை முடுக்கெல்லாம் பிரஷ் நுனியால் தடவித் தடவிக் கொடுத்தார், ஏதோ குழந்தையைக் குளிப்பாட்டுகிறவர்போல. மறுநாள் மத்தியானம் பேத்தி பிறந்த செய்தி ஏணியின் உச்சியில் வந்து சேர்ந்தது. கீழே இருந்த தையல்காரம்மாவிடம்தான் முதலில் சொன்னார்.

வெள்ளிக்கிழமை மிஷின் அறைக்குள் வந்தது. அண்ணனும் வந்தார், பெரிய தொந்தி, பெரிய குரல். பெயிண்டர் வழக்கம்போலச் சுவருக்கு முதுகு காட்டி நின்று முகத்தைப் பார்த்தார். புருவம் ஏறியது, உதடு விரிந்தது. "அட! உள்ள வந்ததும் மனசு அடங்குதே!" என்றார் அண்ணன். பையிலிருந்து கலர் அட்டையை எடுத்துப் பெயிண்டர் கையில் திணித்தார். "இந்த ரூம் கலர் இதுல எது? காட்டுங்க. பன்னிரண்டு வீட்டுக்கும் படுக்கையறைக்கு இதையே அடிச்சுடலாம்." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கத்து வெள்ளையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

அட்டையில் வரிசை வரிசையாகக் கட்டங்கள், கீழே வெறும் எண்கள். எண்ணை நினைவில் வைத்திருப்பவள் பேத்தியோடு இருந்தாள். பெயிண்டர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, அதை இப்படிக் குடுங்க. திரைத்துணிக்கு எனக்கும் அந்தக் கலர் பார்க்கணும்" என்று தையல்காரம்மா எட்டி வாங்கினார். உதட்டில் கவ்வியிருந்த குண்டூசியை எடுத்து ஒரு கட்டத்தில் குத்தி, அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டுக் குனிந்து மிஷினை மிதித்தார்.

"என்ன, கண்டுபிடிச்சீங்களா?" என்று அண்ணன் திரும்பினார்.

பெயிண்டரின் கட்டைவிரல் அட்டைமேல் ஊர்ந்து, குண்டூசித் தலையில் போய் நின்றது. "இதாங்க" என்றார்.

"திங்கக்கிழமை வந்துடுங்க, வீட்டம்மாவையும் கூட்டிக்கிட்டு" என்று அண்ணன் வாசலுக்கு நடந்தார். பெயிண்டர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் பின்னால் போனார். நிலைப்படி வரை போனவர் திரும்பி வந்து, ஓடிக்கொண்டிருந்த தையல் மிஷினின் முதுகில் மெதுவாக இரண்டு தட்டு தட்டினார்.